பயிற்சி முடிந்தது... வயலில் என்ன மாறியது?

ஊர்ப் பயிற்சிகளின் பலனை ஒரே பக்கத்தில் எழுதுவது எப்படி? டெல்டா விவசாயக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து குறுவைக்கேற்ற ஒரு குறுகிய கால ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய அந்த நெல்லுக்கு அரசுப் பதிவேட்டில் ஏ.டி.டி. 27 என்று பெயர். தஞ்சாவூர் மாவட்ட விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் வேறு: 'ரேடியோ நெல்'. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளில் அந்த ரகத்தைப் பற்றியும் அதன் சாகுபடி முறையைப் பற்றியும் கேட்டுத்தான் பலர் அதைத் தங்கள் வயலுக்குக் கொண்டுவந்தார்கள். சொன்னது யாரோ, அவர் பெயரையே நெல்லுக்கும் வைத்துவிட்டார்கள்.

அந்த வானொலி நிகழ்ச்சி பலன் தந்ததா என்று யாராவது கேட்டால், பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. 'ரேடியோ நெல்' என்ற இரண்டு சொல்லே போதும். யார் சொன்னார்கள், யார் கேட்டார்கள், கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்றும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

இன்று டெல்டாவில் பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்கள், வட்டாரந்தோறும் 'அட்மா' திட்டம், உழவர் வயல்வெளிப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று பல பக்கமிருந்தும் வகுப்புகள் நடக்கின்றன. ஆனால், பயிற்சி முடிந்தபின் எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். 'பயிற்சி சிறப்பாக நடைபெற்றது. 40 விவசாயிகள் கலந்துகொண்டு பயன்பெற்றனர்.' கூடவே ஒரு குழுப் படம், ஒரு கையெழுத்துத் தாள்.

40 பேர் வந்தார்கள் என்பது உண்மை. பயன்பெற்றார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் 'பலன் அறிக்கை'.

இது விவசாயிக்கு எதற்கு?

அறிக்கை எழுதுவது அதிகாரிகளின் வேலை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் எந்தப் பயிற்சி எந்த ஊருக்கு என்பது காகிதத்தில்தான் முடிவாகிறது. ஓர் ஊரில் நல்ல பலன் தந்த வகுப்பு, அந்தப் பலனை யாரும் எழுதி வைக்காததால் அடுத்த பருவத்தில் நின்றுபோகலாம். யாருக்கும் உதவாத வகுப்பு, 'சிறப்பாக நடைபெற்றது' என்ற ஒரே வரியின் பலத்தில் ஆண்டுதோறும் தொடரலாம். இரண்டிலும் நட்டம் விவசாயிக்குத்தான். கூலி வேலையை விட்டு வந்து உட்கார்ந்த அரை நாளும் அவருடையது, கற்றதை நம்பிச் சோதித்துப் பார்த்த வயலும் அவருடையது.

இன்னொரு காரணமும் உண்டு. மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இப்போது தாங்களே பயிற்சி கேட்டு விண்ணப்பிக்கின்றன. கொடுத்த உதவியால் என்ன மாறியது என்பதுதான் அங்கே எழும் முதல் கேள்வி. அதற்கு எண்ணோடு விடை வைத்திருக்கும் குழுவின் கோரிக்கைக்கு எடை கூடும்.

நான்கு படிகள்

எந்தப் பயிற்சியையும் நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டால் எழுதுவது எளிது.

முதல் படி, நடந்தது: எத்தனை வகுப்பு, எத்தனை பேர், எந்தத் தேதி.

இரண்டாம் படி, கற்றது: வருவதற்கு முன் தெரியாத எந்த விஷயம் இப்போது தெரியும்.

மூன்றாம் படி, செய்தது: கற்றதை எத்தனை பேர், எவ்வளவு நிலத்தில் செய்து பார்த்தார்கள்.

நான்காம் படி, கிடைத்தது: செலவு, விளைச்சல், தண்ணீர், உடல் உழைப்பு, வருமானம் ஆகியவற்றில் எது எவ்வளவு மாறியது.

'40 பேர் கலந்துகொண்டனர்' என்பது முதல் படி. பெரும்பாலான அறிக்கைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் ஏறினால்தான் அது பலன் அறிக்கை.

இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்ளலாம். அட்டையை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பது முதல் படி. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே இலையின் பச்சை இறங்கினால்தான் தழைச்சத்து இட வேண்டும் என்று புரிந்துகொண்டது இரண்டாம் படி. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை அட்டையை வயலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது மூன்றாம் படி. அதனால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா குறைந்தது என்பது நான்காம் படி. அட்டை வீட்டுப் பரணில் கிடந்தால், முதல் படியில் எத்தனை பேரை எழுதினாலும் பயனில்லை.

அளவுகோலைத் திட்டத்துக்குள்ளேயே வைத்தவர்கள்

பலனை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. டெல்டாவிலும் அதன் பக்கத்திலும் நடந்த இரண்டு முயற்சிகள் இதற்குச் சான்று.

முதலாவது, பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட 'நெல்' ஜெயராமனின் பணி. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இது விதையைப் பெருக்கும் வழி மட்டுமன்று. திரும்பி வரும் ஒவ்வொரு 4 கிலோவும், ஒருவர் விதையை வாங்கிப் போனார், விதைத்தார், அறுத்தார், மீண்டும் வந்தார் என்பதற்கான ஆதாரம். திரும்பாத விதையும் ஒரு செய்தி: அந்த வீட்டுக்கு யாராவது போய்க் காரணம் கேட்க வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் வைத்த கணக்குமுறை எந்தக் குழுவும் பின்பற்றக்கூடியது.

இரண்டாவது, தஞ்சாவூரை அடுத்த புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம். எழுத்தறிவு இயக்கம் என்றால் எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்று எண்ணுவதுதான் வழக்கம். புதுக்கோட்டையில் அதோடு சைக்கிளும் சேர்ந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பதிவு செய்தபோது, வகுப்புகளின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. விளைபொருளைத் தாங்களே சந்தைக்குக் கொண்டுபோனது, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது, தண்ணீர் கொண்டுவந்தது, பிள்ளைகளைக் கூட்டிப்போனது என்று பெண்களின் ஒரு நாள் எப்படி மாறியது என்பதையும் எழுதினார். நல்ல பலன் அறிக்கைக்கு அந்த இரண்டும் வேண்டும்: எத்தனை பேர் என்ற எண்ணும், ஒரு நாள் எப்படி மாறியது என்ற விவரமும்.

'பயிற்சியால்தான்' என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பயிற்சி நடந்த ஆண்டில் விளைச்சல் கூடியது என்று எழுதிவிடுவார்கள். அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து, கடைமடைவரை தண்ணீர் வந்து, அறுப்பு நேரத்தில் மழையும் விலகி இருந்தால், பயிற்சிக்கு வராதவர் வயலிலும்தான் விளைச்சல் கூடியிருக்கும். காவிரி தந்ததை வகுப்பின் கணக்கில் எழுத முடியாது.

இதற்கு வழி, ஒப்பிட்டுப் பார்ப்பது. 2003-04-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒற்றை நாற்று நடவு முறையை விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்தது. காவிரி டெல்டாவில் 100, தாமிரபரணிப் பாசனத்தில் 100 என்று திடல்கள் தேர்வாயின. பல்கலைக்கழகத்தின் டி.எம்.தியாகராஜன் இந்தப் பணியில் முன்னின்றவர். புதிய முறையும் வழக்கமான முறையும் அக்கம்பக்கமாக வைத்து ஒப்பிடப்பட்டன. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே மழை. தாமிரபரணித் திடல்களில் வழக்கமான நடவில் சராசரியாக எக்டேருக்கு 5.7 டன்னும், புதிய முறையில் 7.2 டன்னும் கிடைத்தன. பக்கத்துத் திடல் இருந்ததால்தான், அந்த ஒன்றரை டன் முறையினால் வந்தது என்று துணிந்து சொல்ல முடிந்தது. இந்த முறைதான் பின்னர் தமிழகத்தில் 'செம்மை நெல் சாகுபடி' என்றும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 'இராஜராஜன் 1000' என்றும் பெயர் பெற்றுப் பரவியது.

வியட்நாமின் மீகாங் டெல்டாவிலும் இதே பாடம். நட்ட அல்லது விதைத்த முதல் 40 நாளில் இலையைத் தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1990-களில் சொன்னார்கள். நம்பச் சொல்லவில்லை. வயலின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மருந்தை நிறுத்திவிட்டு, அறுவடையில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். வானொலி நாடகமும் துண்டுப் பிரசுரமும் இந்தச் செய்தியைப் பரப்பின. பிரசாரத்துக்கு முன்பும் பின்பும் விவசாயிகளிடம் கணக்கெடுத்தபோது, ஒரு பருவத்தில் மருந்து தெளிக்கும் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முன்பே எண்ணி வைத்திருந்ததால்தான் 'பாதி' என்ற சொல்லைப் பயன்படுத்த முடிந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இன்று உலகெங்கும் நடக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளி, 1989-ல் இந்தோனேசியாவில் புகையான் பூச்சியின் தாக்குதலைச் சமாளிக்கப் பிறந்தது. பெரிய வெற்றி என்று எல்லோரும் பேசினார்கள். பிறகு, 1991-லும் 1999-லும் அதே குடும்பங்களிடம் எடுத்த கணக்கை வைத்து 2004-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்றது அது. மருந்து குறைந்தது உண்மை என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. விவாதம் நீண்டது. நம் குழுக்களுக்கு இதில் உள்ள செய்தி எளிமையானது: பள்ளிக்கு வந்தவர்கள் முன்பே கவனமாகச் சாகுபடி செய்பவர்களாக இருந்தால், அவர்களின் நல்ல விளைச்சலைப் பள்ளியின் பலனாக எழுதுவது சரியாகாது. வராதவர்களையும் எண்ண வேண்டும்.

சராசரி மறைப்பது யாரை?

1960-ல் நாட்டில் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியது. 'பேக்கேஜ் திட்டம்' என்று அப்போது பெயர். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒன்றாக வந்தன. மாவட்ட சராசரியில் பார்த்தால் முன்னேற்றம். ஆனால், 1971-ல் வெளியான தம் நூலில் அமெரிக்க ஆய்வாளர் பிரான்சின் ஃபிராங்கெல், தஞ்சாவூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களைப் பார்த்துவிட்டு வேறொன்றைச் சுட்டினார். பசுமைப் புரட்சியின் ஆதாயம் நிலமும் முதலும் உள்ளவர்களுக்கே பெருமளவில் போனது. சிறு விவசாயியும் குத்தகைக்காரரும் பின்தங்கினர். கூலிக்கும் குத்தகைக்குமான பதற்றம் கூடியது. சராசரி என்ற ஒற்றை எண்ணில் இவை எதுவும் தெரியாது.

ஒற்றை நாற்று நடவிலும் இதே கேள்வி எழுகிறது. கோனோவீடர் வந்ததும் களையெடுப்பு பெண்களின் கையிலிருந்து பெருமளவு ஆண்களின் கைக்கு மாறியது. நிலம் வைத்திருப்பவருக்குச் செலவு குறைவு. கூலிக்குக் களையெடுத்த பெண்ணுக்கு? குனிந்து நிற்கும் இடுப்பு வலி குறைந்ததா, அல்லது அந்த நாள் கூலியே போனதா? இரண்டும் இருக்கலாம். அவரைக் கேட்காமல் எழுதும் அறிக்கையில் பாதி ஊர்தான் இருக்கும்.

அதனால் அறிக்கையில் குறைந்தது மூன்று பிரிவாக எண்களைத் தனித்தனியே எழுதுவது நல்லது: சொந்த நிலக்காரர், குத்தகைக்காரர், விவசாயத் தொழிலாளி. அதிலும் பெண்கள் எத்தனை பேர் என்று தனியே குறிக்க வேண்டும்.

எழுதும் முறை: படிப்படியாக

1. வகுப்புக்கு முன்பே தொடங்குங்கள். முதல் நாளே ஒரு நோட்டில் ஒவ்வொருவரிடமும் ஐந்து கேள்விகள்: போன பருவம் எவ்வளவு நிலம் சாகுபடி, எத்தனை முறை மருந்து, எத்தனை மூட்டை யூரியா, ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல், மொத்தச் செலவு எவ்வளவு. பயிற்சிப் பொருளுக்கேற்பக் கேள்விகள் மாறலாம். இந்த 'முன்' கணக்கு இல்லாவிட்டால் 'பின்' கணக்கால் பயனில்லை.

2. அளவை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாவில் சொல்வார், ஒருவர் வேலியில் சொல்வார், ஒருவர் ஏக்கரில் சொல்வார். மா என்பது சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி. எல்லாவற்றையும் ஏக்கருக்கு மாற்றுங்கள். மூட்டையிலும் குழப்பம் வரும். வீட்டுக் களத்தில் 60 கிலோ மூட்டை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். யூரியா மூட்டையும் 2018-க்குப் பிறகு 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகிவிட்டது. எதையும் கிலோவில் எழுதினால் சண்டை வராது.

3. ஒரு மா நிலத்தைப் பழையபடி விடுங்கள். முடிந்தவர்கள், அதே வயலில் ஒரு சிறு பகுதியை வழக்கமான முறையில் வைத்து, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட வேண்டும். முடியாத ஊரில், பயிற்சிக்கு வராத பத்துப் பேரிடம் அதே ஐந்து கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள்.

4. சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உரக்கடை ரசீது, கொள்முதல் நிலைய ரசீது, டீசல் ரசீது ஆகியவை ஞாபகத்தைவிட நம்பகமானவை. ரசீது இல்லாத கணக்கை 'விவசாயி சொன்னது' என்று குறிப்பிட்டே எழுதலாம். அதில் தவறில்லை.

5. பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். அணை எப்போது திறந்தது, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தது, எப்போது மழை அதிகம். படிப்பவர் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள இது உதவும்.

6. செய்யாதவர்களின் காரணத்தையும் எழுதுங்கள். கற்றும் செய்யாமல் போனவர்கள் ஏன் செய்யவில்லை என்பதுதான் அடுத்த பயிற்சியைத் திருத்த உதவும் மிகப் பெரிய தகவல். கருவி கிடைக்கவில்லையா, ஆள் கிடைக்கவில்லையா, தண்ணீர் முறைப்படி வரவில்லையா?

7. ஒருவர் பேசட்டும். ஒரு விவசாயியோ தொழிலாளியோ தன் வார்த்தையில் சொன்ன மூன்று வரிகளைச் சேர்க்கலாம். அவரிடம் எழுதியதைப் படித்துக்காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். கடன் விவரம், ஆதார் எண், செல்பேசி எண் எதுவும் அறிக்கையில் வரக் கூடாது.

8. ஒரே பக்கம். முதல் மூன்று வரியில் முக்கிய மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். விருந்தினர் பெயர்ப் பட்டியலும் நன்றியுரையும் வேண்டாம்.

ஒரு மாதிரி

கீழே இருப்பது கற்பனை ஊர் ஒன்றுக்கான மாதிரி. எண்களும் விளக்கத்துக்காக மட்டுமே.

வழக்கமாக எழுதுவது: 'எங்கள் ஊரில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைப் பயிற்சி மிகச் சிறப்பாக நடைபெற்றது. 25 விவசாயிகள் ஆர்வத்துடன் கலந்துகொண்டு பெரிதும் பயனடைந்தனர்.'

எழுத வேண்டியது: 'குறுவையில் 25 பேர் 12 வாரம் வயல்வெளிப் பள்ளிக்கு வந்தோம். சொந்த நிலக்காரர் 15, குத்தகைக்காரர் 10. மொத்தத்தில் பெண்கள் 9. முந்தைய குறுவையில் எல்லோரும் 4 முறை மருந்து அடித்திருந்தோம். இந்தக் குறுவையில் 18 பேர் 2 முறையோடு நிறுத்தினோம். ஒரு முறை தெளிக்க மருந்தும் கூலியும் சேர்த்து ஏக்கருக்கு 900 ரூபாய். ஏக்கருக்கு 1,800 ரூபாய் மிச்சம். 18 பேரின் நிலம் 27 ஏக்கர். மொத்த மிச்சம் 48,600 ரூபாய். விளைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பயிற்சிக்கு வராத 10 பேரிடம் கேட்டோம். அவர்கள் இந்தப் பருவமும் 4 முறை அடித்தார்கள். எங்களில் 7 பேர் பழையபடியே 4 முறை அடித்தார்கள். அவர்களில் 5 பேர் குத்தகைக்காரர்கள். பயிர் போனால் குத்தகை நெல் அளக்க முடியாது என்ற பயமே காரணம் என்றார்கள். கூலிக்கு மருந்து தெளிக்கும் 4 பேருக்கு வேலை நாள் குறைந்தது. அடுத்த பருவம் குத்தகைக்காரர்களுக்கு ஒரு சிறு சோதனைத் திடல் வேண்டும்.'

இரண்டாவதில் பெருமைச் சொல் எதுவும் இல்லை. 'விளைச்சல் கூடவில்லை' என்ற உண்மையும், 7 பேர் கேட்கவில்லை என்ற உண்மையும் அதில் இருக்கின்றன. அவை இருப்பதாலேயே 48,600 ரூபாய் என்ற எண்ணைப் படிப்பவர் நம்புவார். அடுத்து என்ன வேண்டும் என்பதும் கடைசி வரியில் தெளிவாக இருக்கிறது.

யாரிடம் கொடுப்பது?

பயிற்சி நடத்திய அலுவலகத்துக்கு ஒரு நகல். அட்மா திட்டத்தில் வட்டார அளவில் உழவர் ஆலோசனைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்கள் விவசாயிகள்தான். வட்டாரச் செயல்திட்டம் பேசப்படும் கூட்டத்துக்கு முன் அவர்கள் கையில் அறிக்கை இருக்க வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களின் அறிவியல் ஆலோசனைக் குழுவிலும் விவசாயிகள் இடம்பெறுகிறார்கள். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். ஊருக்கு முன் படித்தால், தவறான எண்ணை அங்கேயே யாராவது திருத்திவிடுவார்கள். அதைவிடச் சிறந்த தணிக்கை இல்லை.

குழுக்களில் எழும் கேள்விகள்

கேள்வி: எங்கள் குழுவில் பலருக்கு எழுதத் தெரியாது. என்ன செய்வது?

கணக்கைச் சொல்லத் தெரிந்தால் போதும். பள்ளி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யாராவது எழுதட்டும். எழுதியதைக் குழுவில் வாசித்துக் காட்டி, எல்லோரும் சரி என்ற பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். சுவரில் கட்டம் போட்டு, மருந்து அடித்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு கிழித்தாலும் அது ஆவணம்தான்.

கேள்வி: வெள்ளத்திலோ புயலிலோ பயிர் போய்விட்டால் எதை எழுதுவது?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்ததைப் போன்ற பருவத்தில் விளைச்சல் கணக்குக்குப் பொருளில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் படியோடு நிறுத்துங்கள்: கற்றதை எத்தனை பேர் செய்தார்கள்? சேதத்துக்குப் பிறகு மீண்டும் நடவு செய்தபோது எத்தனை பேர் அதே முறையைத் தொடர்ந்தார்கள்? இழப்புக்குப் பிறகும் ஒருவர் ஒரு முறையைத் தொடர்ந்தால், அதுவே வலுவான பலன்.

கேள்வி: விளைச்சல் கூடாவிட்டால் பயிற்சி தோல்வியா?

இல்லை. அதே விளைச்சல் குறைந்த செலவிலோ, குறைந்த தண்ணீரிலோ, குறைந்த உடல் வலியிலோ கிடைத்தால் அது ஆதாயம்தான். பாய்ச்சலும் காய்ச்சலுமாக நீர் கட்டியவர்கள் எத்தனை முறை மோட்டார் போட்டார்கள், எவ்வளவு டீசல் ஆனது என்று எழுதலாம். எதுவுமே மாறவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்த வகுப்பின் நேரத்தையும் பணத்தையும் வேறு பயிற்சிக்குக் கேட்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: எப்போது எழுத வேண்டும்?

இருமுறை. அறுவடை முடிந்து கணக்கு ஞாபகத்தில் இருக்கும்போதே ஒருமுறை. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் இன்னொரு முறை. முதல் அறிக்கை, பயிற்சியாளர் வாரந்தோறும் வந்தபோது நடந்ததைச் சொல்லும். இரண்டாவது, அவர் வராதபோதும் நடப்பதைச் சொல்லும். குத்தகையையும் கூலியையும் நம்பி இருக்கும் குடும்பங்களுக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவதுதான்.

அடுத்த பயிற்சிக்கு அழைப்பு வந்ததும் குழு செய்ய வேண்டியது ஒன்றுதான். 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் உறுப்பினர் பெயரும், போன பருவத்தின் ஐந்து எண்களும் எழுதி வைத்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். அறுவடை முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில் அதே ஐந்து எண்களை மீண்டும் எழுதினால், அறிக்கையில் பாதி அங்கேயே தயார்.